கார் லிஃப்ட் ரிவ்யூ: எல்லாம் ஓகே, அஞ்சு இன்ச் தான் பத்தல

முதல்லயே சொல்லிடறேன், இந்த லிஃப்ட் நல்ல சாமான் தான், திட்டறதுக்காக எழுதல. ஆனா நான் எதுக்கு வாங்கினேனோ, அதாவது ஒரு பழைய போர்ஷேல இருந்து இன்ஜினை கீழ இறக்கற வேலைக்கு, இது நேரடியா ஆகாது, அதை வாங்கறதுக்கு முன்னாடி ஒருத்தனும் சொல்லல, கேட்டப்போ கூட "தாராளமா பண்ணலாம் சார்"னு தான் சொன்னாங்க. பிராண்டு பேரு போடல, வித்த கடை பேரும் போடல, ஏன்னா இது ஒரு கம்பெனி பிரச்சனை இல்ல, இந்த டைப் லிஃப்ட் எல்லாத்துக்கும் இதே கதை தான்.

எந்த டைப்புன்னா, ரெண்டு நீள இரும்பு ஃப்ரேம் வரும், காருக்கு அடியில ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணா தள்ளிவிடணும், ஒரு சின்ன மோட்டார் பம்ப், அதுல இருந்து ஹோஸ், கைல பட்டன். அமுக்கினா நாலு சக்கரமும் ஒண்ணா தரையை விட்டு எழும்பும். வேலை முடிஞ்சா மடக்கி செவுத்துல சாய்ச்சு வெச்சுடலாம். வீட்டுல ரெண்டு போஸ்ட் லிஃப்ட் போட குழி தோண்டி கான்கிரீட் போட முடியாதவங்களுக்குன்னே செஞ்சது. எனக்கு இறக்கி குடுத்தது ஒண்ணே முக்கால் லட்சம், பாதி மச்சான் குடுத்தான், பாதி நான், பொண்டாட்டிக்கு இன்னும் என் பாதியோட முழு கணக்கு தெரியாது.

கார் மச்சானோடது. 1986 போர்ஷே 911 கேரேரா, 3.2 லிட்டர், காத்துல குளிர்ற பழைய இன்ஜின், ரேடியேட்டரே கிடையாது. அவன் கைக்கு அது எப்படி வந்துச்சுங்கறது தனி கதை, இங்க வேண்டாம். அவன் இருக்கறது கோடம்பாக்கத்துல ஒரு சந்து வீடு, கார் நிறுத்தவே இடம் இல்ல, எங்க முகப்பேர் அபார்ட்மெண்ட்ல கீழ ஸ்டில்ட் பார்க்கிங், ஓரத்து இடம் எனக்கு, பக்கத்து இடம் பூட்டிக்கிட்டு அமெரிக்கா போன ஃபேமிலியோடது. அதனால ஆபரேஷன் தியேட்டர் என் வீடுன்னு ஆயிடுச்சு.

பிரச்சனை என்னன்னா கிளட்ச் போச்சு, கூடவே ஆயில் ஒழுகல். இந்த காருல கிளட்ச் மாத்தணும்னாலே இன்ஜினும் கியர்பாக்ஸும் வெளிய வந்தாகணும். ஆயில் ஒழுகறதும் அப்படி தான், இன்ஜினுக்கு மேல பிரீத்தர் கவர் கேஸ்கெட், தெர்மோஸ்டாட் ஓ-ரிங், ஆயில் பிரஷர் ஸ்விட்ச்னு மூணு எடம் பக்கத்து பக்கத்துல இருக்கு, ரப்பர் கெட்டியானா மூணுல ஒண்ணு கண்டிப்பா கசியும், இன்ஜின் உள்ள இருக்கும்போது அங்க கை நுழையவே நுழையாது. பத்து ரூவா ரப்பருக்காக இருநூறு கிலோ சொச்சம் இன்ஜினை கழட்டணும். ஜெர்மன்காரன் என்ன நெனச்சு அப்படி வெச்சானோ.

வேலைக்கு நம்ம மெக்கானிக் அண்ணன் வந்தார், புதுப்பேட்டைல சின்ன வயசுலேயே கத்துக்கிட்டவர், சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் நடந்த காலத்துல பையனா கூட போயி டயர் உருட்டிருக்கார், அது பத்தி ஆரம்பிச்சா ஸ்பேனர் கீழ வெச்சுடுவார். காரை சுத்தி வந்து பாத்துட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, இதுவும் ஆட்டோ தானே". பின்னாடி இன்ஜின், பின் சக்கரத்துக்கு பவர், தப்பு இல்ல. நானோவும் அப்படி தான். "ஆனா ஆட்டோன்னா ஒரு பக்கமா சாய்ச்சு போட்டு வேலைய முடிச்சுடுவேன், இதை சாய்க்க உங்க மச்சான் விடுவாரா?" மச்சான் மூஞ்சியை பாக்கணுமே.

நம்ம ஊர் மெக்கானிக்குங்க எந்த கார்னாலும் "இன்ஜின் இறக்கணும்"னு தான் சொல்வாங்க, ஆனா மாருதியோ அம்பாசிடரோ, பானெட்டை கழட்டி செயின் பிளாக் போட்டு மேல தான் தூக்குவாங்க. வார்த்தை இறக்கறது, வேலை ஏத்தறது. 911ல தான் வார்த்தையும் வேலையும் ஒண்ணா சேருது, நெஜமாவே கீழ இறங்கும். இன்னும் சரியா சொன்னா இன்ஜின் டிராலி மேல அப்படியே உக்காந்திருக்கும், காரை தான் அது மேல இருந்து தூக்கணும். இது புரிஞ்சா தான் லிஃப்ட்ல எதை பாக்கணும்னு புரியும், எனக்கு புரிஞ்சது காசு குடுத்தப்புறம்.

சரி லிஃப்ட்டுக்கு வருவோம். பெட்டி வந்த அன்னிக்கு டெம்போக்காரர் வாசல்லயே போட்டுட்டு போயிட்டார், ஒவ்வொரு ஃப்ரேமும் நாப்பது கிலோ பக்கம், வாட்ச்மேன் அண்ணாச்சியும் நானும் சேர்ந்து இழுத்துட்டு வந்தோம். வெல்டிங் எல்லாம் சுத்தமா இருக்கு, பெயிண்ட் நல்ல கெட்டி பெயிண்ட், இன்னி வரைக்கும் துரு இல்ல. மேனுவல்ல படம் தெளிவா இருக்கு. பம்புக்கான ஹைட்ராலிக் ஆயில் கூட வரல, தனியா வாங்கணும், அது எங்கயும் எழுதல. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போயி வாங்கிட்டு வந்தேன்.

முதல் தடவை பட்டன் அமுக்கினப்போ மோட்டார் "ம்ம்ம்"னு மொனகிட்டு அப்படியே நின்னுடுச்சு. சரி பீஸ் போச்சு, திருப்பி அனுப்பணும்னு நெனச்சேன். கடைசில பாத்தா ஸ்டில்ட்ல இருக்கற பிளக் பாயிண்ட் லைட் போடற லைன், சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லார் வீட்டுலயும் ஏசி ஓட ஆரம்பிச்சா வோல்டேஜ் படுத்துடும். என் வீட்டு ஏசி பாயிண்ட்ல இருந்து கெட்டி ஒயர் போட்டு பால்கனி வழியா இறக்கினேன், அதுக்கப்புறம் மோட்டார் ஜம்முனு ஓடுது. அபார்ட்மெண்ட்ல இதை வெக்கறவங்க இதை முதல்ல பாருங்க, லிஃப்ட்டை குறை சொல்லாதீங்க.

அடுத்தது, ரெண்டு ஃப்ரேமுக்கும் நடுவுல எந்த கம்பியும் கிடையாது, ஆயில் மட்டும் தான் ரெண்டுக்கும் பொதுவா போகுது. அதனால புதுசுல உள்ள காத்து இருந்தா ஒரு பக்கம் சரசரன்னு ஏறும், இன்னொரு பக்கம் தூங்கும். காரை வெக்காம சும்மா பத்து தடவை ஏத்தி இறக்கி, சிலிண்டர்ல இருக்கற ஸ்க்ரூவை லேசா லூஸ் பண்ணி காத்தை வெளிய விடணும். இதை நான் பொறுமையா பண்ணேன், அப்பவும் பாரம் ஏறினா டிரைவர் பக்கம் ஒரு விரக்கடை முன்னாடி ஏறும், மேல போயி ரெண்டும் சமமாயிடும். பழகிடுச்சு. ஹோஸ் ஜாயிண்ட் ஒண்ணு ரெண்டாவது வாரத்துல இருந்து வேர்த்த மாதிரி கசிய ஆரம்பிச்சுது, போன் பண்ணா "அனுப்பறோம் சார்", "டெஸ்பாட்ச் ஆயிடுச்சு சார்", கடைசி வரைக்கும் வரல, பாரிமுனை செம்புதாஸ் தெருவுல போயி வாஷர் மாத்திக்கிட்டு வந்தேன், நாப்பது ரூவா. சர்வீஸுக்கு மார்க் கேட்டீங்கன்னா பத்துக்கு ரெண்டு, அந்த ரெண்டும் போன் எடுத்ததுக்கு.

தரை. இது ரொம்ப முக்கியம், நம்ம ஊர் அபார்ட்மெண்ட் எல்லாத்துலயும் இப்ப பார்க்கிங்ல டைல்ஸ் போட்டுடறாங்க, அதுக்கு அடியில சில எடத்துல சிமெண்டே சரியா இருக்காது, தட்டி பாத்தா டொக்கு டொக்குன்னு சத்தம் வரும். காரு சக்கரம் நின்னா ஒண்ணும் ஆகாது, ஆனா தூக்கின காரை தாங்க வெக்கற ஆக்ஸில் ஸ்டாண்டோட நாலு கூர் கால் நின்னா ஓடு மாதிரி உடையும். நான் 18 எம்எம் பிளைவுட் ரெண்டு ஷீட் கீழ போட்டேன், அப்பவும் ஒரு டைல்ஸ் போச்சு, அசோசியேஷன் செக்ரட்டரி சார் அன்னிக்கே போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டார். டைல்ஸ் போட்டோல என் காலும் தெரிஞ்சது.

இன்னொண்ணு, இந்த டைப் லிஃப்ட் நேரா மேல போகாது. கை வளைவா எழும்பற மாதிரி எழும்பும், அதனால மேல போக போக காரு முன்னாடியோ பின்னாடியோ நகரும், கிட்டத்தட்ட ஒரு அடி. பின்னாடி தூணு இருந்ததுன்னா பம்பர் போயி முட்டும். வெறும் ஃப்ரேமை ஏத்தி பாத்து சாக்பீஸ்ல கோடு போட்டுக்கோங்க. 911க்கு பின்பக்கம் காலியா இருக்கணும், ஏன்னா இன்ஜினை அந்த பக்கமா தான் உருவணும், நாங்க காரை மூக்கு செவுத்தை பாக்கற மாதிரி நிறுத்தினோம்.

911 வெச்சிருக்கவங்க, வெச்சிருக்கற மச்சான் இருக்கவங்க, இதை நல்லா கேட்டுக்கோங்க: ஃப்ரேம் மேல உக்காந்து காரை தாங்கற ரப்பர் பிளாக்கை கண்ட எடத்துல வெக்காதீங்க. இந்த காருக்கு ஆயில் கூலர் ஒண்ணு முன்னாடி வலது ஃபெண்டருக்குள்ள இருக்கு, இன்ஜின்ல இருந்து அது வரைக்கும் ஆயில் பைப்பு வலது பக்க கதவுக்கு கீழயே ஓடுது. மத்த கார் மாதிரி நெனச்சு அங்க பிளாக் வெச்சு அமுக்கினா பைப்பு நசுங்கும், அந்த பைப்பு விலைக்கு இன்னொரு லிஃப்ட் வாங்கலாம்னு மச்சான் சொல்றான், கொஞ்சம் ஏத்தி தான் சொல்றான். பின்னாடி டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்குக்கு பதிலா இருக்கற முறுக்கு கம்பி, அது போற குழாயோட ரெண்டு முனை, அது தான் கெட்டியான எடம். முன்னாடியும் அதே மாதிரி சஸ்பென்ஷன் ஆர்ம் பாடில புடிக்கற எடம். ஃப்ரேம்ல பிளாக்கை முன்ன பின்ன நகர்த்தி வெக்க நெறைய குழி குடுத்திருக்காங்க, 911 வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடு தூரம், 2,272 மில்லிமீட்டர் தான், சின்ன கார், அதுக்கும் அழகா செட் ஆச்சு. இதுக்கு முழு மார்க்.

இப்ப அந்த அஞ்சு இன்ச்.

பெட்டில கொட்டை எழுத்துல போட்டிருந்தது 21 இன்ச். இருவத்தி ஒண்ணு இன்ச்னா முட்டிக்கு மேல, சரி தாராளம்னு வாங்கிட்டேன். அந்த 21 இன்ச், கூட வர்ற பெரிய ரப்பர் பிளாக் வெச்சு அதோட உச்சி வரைக்கும் அளந்தது. அது காரு எவ்ளோ தூக்கும்ங்கற கணக்கு இல்ல, பிளாக் தரைல இருந்து எவ்ளோ ஒசரத்துல நிக்கும்ங்கற கணக்கு. மேல கொண்டு போயி, ஆயில் போனாலும் விழாம புடிக்கற இரும்பு லாக்ல உக்கார வெச்சா இன்னும் கொஞ்சம் கீழ வரும். அந்த நெலமைல எங்க காரோட பின் பம்பர் அடி விளிம்பு தரைல இருந்து 26 இன்ச் இருந்துச்சு. அண்ணன் இன்ஜின் உசரத்தை டேப் வெச்சு அளந்தார், கீழ ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல இருந்து மேல ஃபேன் உச்சி வரைக்கும், அதோட டிராலி உசரம், எல்லாம் சேர்த்து 31. அவர் ஒண்ணும் சொல்லல, டேப்பை மடக்கி பாக்கெட்ல போட்டுக்கிட்டு டீ குடிக்க போயிட்டார்.

கிளட்ச் கேபிள், சைலன்சர், ஆயில் மாத்தறது, பிரேக்கு, சஸ்பென்ஷன், இதுக்கெல்லாம் 21 இன்ச் சொர்க்கம். படுத்துக்கிட்டு வேலை செய்யலாம், முதுகு வலி இல்ல. மாருதி ஸ்விஃப்ட் வெச்சிருக்கவனுக்கு இன்னும் என்ன வேணும். ஆனா இன்ஜின் கீழ இறங்கி, பம்பருக்கு அடியில நகர்ந்து வெளிய வரணும்ங்கற காருக்கு, லிஃப்ட் எவ்ளோ தூக்கும்னு கேக்கறது தப்பான கேள்வி. பம்பர் அடில எவ்ளோ வாசல் கெடைக்கும், உன் இன்ஜின் டிராலியோட எவ்ளோ உசரம், இந்த ரெண்டையும் கேக்கணும். கடைக்காரங்க யாருக்கும் இந்த கேள்வி பழக்கம் இல்ல, கேட்டா ஸ்பெக் ஷீட்டை தான் திரும்ப படிப்பாங்க.

பம்பரை கழட்டிட்டா ரெண்டு மூணு இன்ச் கெடைக்கும்னு நான் சொன்னேன். அந்த வருஷத்து 911 பம்பர்ல ரெண்டு ஓரமும் ஹார்மோனியம் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா கருப்பு ரப்பர் இருக்கும், நாப்பது வருஷ ரப்பர், கழட்டினா கிழியும்னு மச்சான் கைய புடிச்சுக்கிட்டான். அப்புறம் அண்ணன் தான் வழி சொன்னார். லிஃப்ட்ல முழுசா தூக்கு, நாலு பக்கமும் ஆக்ஸில் ஸ்டாண்டு குடு, காரு ஸ்டாண்டுல நிக்கட்டும், லிஃப்ட்டை கீழ இறக்கு, லிஃப்ட்டுக்கு அடியில கட்டை போடு, திரும்ப தூக்கு. ரெண்டு தவணைல ஏர்றது. மரக்கடைல ஆறு இன்ச் கனத்துல சால் கட்டை அறுத்து வாங்கினோம், நாலாயிரத்து சொச்சம், ஃப்ரேமோட மொத்த நீளத்துக்கும் முழு கட்டையா, துண்டு துண்டா இல்ல, மேல சறுக்காம இருக்க ஆங்கிள் வெச்சு போல்ட் அடிச்சோம்.

மேனுவல்ல இப்படி பண்ணக்கூடாதுன்னு தான் போட்டிருக்கு, சமமான கான்கிரீட் தரைல தான் வெக்கணும்னு. அதனால இதை பாத்து நீங்களும் பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நாங்க பண்ணப்போ ரெண்டாவது தடவை மேல போனதும் உசரமான ஸ்டாண்டு நாலு குடுத்து பாரத்தை அதுக்கு மாத்திட்டோம், லிஃப்ட் சும்மா ஒட்டிக்கிட்டு காவலுக்கு நின்னுச்சு. ஆயில் நம்பி யாரும் அடியில போகல. லாக் "டக்"னு விழுந்த சத்தம் ரெண்டு பக்கமும் கேட்டா மட்டும் தான் கைய உள்ள விட்டோம், அந்த விஷயத்துல அண்ணன் ரொம்ப கறார், நான் ஒரு தடவை விழுந்த நட்டை எடுக்க தலைய நீட்டினப்போ சட்டை காலரை புடிச்சு இழுத்துட்டார்.

கழட்டற வேலை ஒரு சனிக்கிழமை முழுக்க. பேட்டரி கழட்டி, ஆயில் இறக்கி, இந்த காருல ஆயில் இன்ஜினுக்கு அடியில மட்டும் இல்ல, பின் ஃபெண்டருக்குள்ள தனி டேங்க் வேற, ரெண்டு எடத்துலயும் இறக்கணும், பத்து லிட்டர் பக்கம் வந்துச்சு, ஒரு பக்கெட் பத்தாம ரெண்டாவது பக்கெட்டுக்கு மாடிக்கு ஓடினேன், எந்த பக்கெட்னு கேக்காதீங்க. ஏசி கம்ப்ரஸரை கேஸ் வெளிய விடாம போல்ட்டை மட்டும் கழட்டி ஓரமா துணி மேல படுக்க வெச்சோம். பெட்ரோல் லைன், ஆக்ஸிலேட்டர் லிங்கேஜ், கிளட்ச் கேபிள், ஆக்ஸில், ஸ்டார்ட்டர் ஒயர், கியர் ராடு ஜாயிண்ட் பின் சீட்டு பக்கத்துல ஒரு மூடிக்கு அடியில. இவ்ளோ கழட்டினாலும் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கடைசியா புடிச்சிருக்கறது நாலே நாலு போல்ட் தான், பின்னாடி ரெண்டு, முன்னாடி ரெண்டு. அந்த நாலை கழட்டறதுக்கு முன்னாடி அண்ணன் சூடம் ஏத்த சொன்னார், நெஜமா தான், எலுமிச்சம்பழம் வெக்க நான் ஒத்துக்கல, டிராலி சக்கரத்துக்கு அடியில வெச்சா வழுக்கும்.

இந்த எடத்துல பின்னாடி இன்ஜின் கார்ங்கறதுக்கான முக்கியமான கணக்கு ஒண்ணு. இந்த கார் சுமார் 1,200 கிலோ, அதுல பாதிக்கு மேல, நூத்துக்கு அறுவது பங்கு பின் சக்கரத்து மேல. இன்ஜின் பின் ஆக்ஸிலுக்கும் பின்னாடி தொங்குது. அதையும் கியர்பாக்ஸையும் எடுத்துட்டா மிச்ச காரோட பாரம் எங்க நிக்கும்னு பேப்பர்ல போட்டு பாத்தேன், நடு பாயிண்ட் ஒரு அடிக்கு மேலயே முன்னாடி தள்ளி போயிடுது. அதாவது தூக்கும்போது பின்னாடி கனமா இருந்த கார், இன்ஜின் இறங்கின நிமிஷம் மூக்கு கனமா மாறிடும். முன் பிளாக்கை பேராசைப்பட்டு நடுவுக்கு தள்ளி வெச்சிருந்தா அது குப்புற சாயும். பெட்ரோல் டேங்கும் இதுல முன்னாடி தான் இருக்கு, அதனால ஃபுல் டேங்க்கோட இந்த வேலைய ஆரம்பிக்காதீங்க. நாங்க முன் பிளாக்கை முடிஞ்ச வரைக்கும் முன்னாடி வெச்சோம், அதுக்கு இந்த ஃப்ரேம் நீளம் சரியா இருந்துச்சு. ரெண்டு போஸ்ட் லிஃப்ட்ல இதை விட ஜாக்கிரதையா பாக்கணும், அங்க கார் நாலு கை மேல நடு பேலன்ஸ்ல நிக்கும்.

டிராலிக்கு பைக் தூக்கற ஜாக்கி யூஸ் பண்ணோம், மேல பிளைவுட்டும் பழைய டயர் ரப்பரும். மெதுவா இறக்கினோம், ஒரு இன்ச், ரெண்டு இன்ச், அஞ்சு இன்ச், அப்படியே நின்னுடுச்சு. இன்னும் இறக்கினா இன்ஜின் ஒரு பக்கமா சாயுது. மச்சான் கத்தறான், அண்ணன் டார்ச் அடிக்கறார், எனக்கு கை வேர்த்து வழுக்குது. கியர்பாக்ஸ்ல இருந்து பாடிக்கு போற எர்த் பட்டை, ஒரு சாண் நீளம் பின்னின ஒயர், அதை யாரும் கழட்டல. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம். ஒரு போல்ட். கழட்டினதும் இறங்கிடுச்சு.

அதுக்கப்புறம் லிஃப்ட் தன் வேலைய காட்டுச்சு, இதை மட்டும் மனசார பாராட்டுவேன். ஜாக்கி வெச்சு பண்றவங்க பின்பக்கத்தை மட்டும் தூக்குவாங்க, கார் மூக்கு குத்திட்டு நிக்கும், இன்ஜினையும் அதே சாய்வுல புடிச்சு புடிச்சு இறக்கணும், ஏத்தும்போது அதை விட கஷ்டம், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் மாட்டற ஆங்கிள் கண்ணுக்கு புடிபடாது. இங்க கார் தட்டு மாதிரி சமமா நிக்குது. மூணு வாரம் கழிச்சு கிளட்ச், ரப்பர் எல்லாம் மாத்தி திரும்ப ஏத்தினப்போ, டிராலில இன்ஜினை உள்ள தள்ளி, அரை இன்ச் அரை இன்ச்சா அட்ஜஸ்ட் பண்ணி, நாலு போல்ட்டும் விரலாலயே சுத்தி உள்ள போச்சு. அண்ணன் இதுக்கு முன்னாடி ஒரு பழைய பீட்டில் இன்ஜினை செங்கல்லு அடுக்கி பண்ணிருக்காராம், "இது சொகுசு தம்பி, கெட்ட பழக்கம்"னார். அவர் வாயில வந்த ஒரே நல்ல வார்த்தை அது.

காசுக்கு ஆகுமான்னு கேட்டா, இந்த ஒரு வேலைக்காக மட்டும்னா கண்டிப்பா ஆகாது. நல்ல டிராலி ஜாக்கி ஒண்ணு, உசரமான ஸ்டாண்டு ஒரு ஜோடி, பைக் ஜாக்கி ஒண்ணு, ஜி.பி. ரோட்டுலயும் பாரிமுனைலயும் ஒரு நாள் அலைஞ்சா இந்த விலைல கால்வாசிக்குள்ள முடிஞ்சிருக்கும், 911 காரங்க உலகம் முழுக்க அப்படி தான் வீட்டுல பண்றாங்க. வருஷத்துக்கு நாலஞ்சு தடவை சொந்த கைல வேலை செய்யறவங்க, ரெண்டு மூணு கார் இருக்கற கூட்டு குடும்பம், இவங்க கண்ண மூடிட்டு வாங்கலாம். மடக்கினா மூணு இன்ச் உசரம் தான், தாழ்வா இருக்கற கார் அடியிலயும் போகும், அது ஜாக்கில கெடைக்காத வசதி. வாங்கறவங்க கட்டை உயரத்தை கம்பெனியே தர்ற மாதிரி ஏதாவது எக்ஸ்ட்ரா ஸ்டாண்டு இருக்கான்னு கேட்டு வாங்குங்க, எங்கள மாதிரி மரக்கடைக்கு ஓடாதீங்க.

இன்னும் ஒரு குறை, சொல்லாம விட்டா தூக்கம் வராது. பம்பு சத்தம். மிக்ஸில தேங்கா போட்ட மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு போட்டா மூணாவது மாடி மாமா பால்கனிக்கு வந்துடுவார். ரிட்டயர்டு ஆள், பார்க்கிங்ல மெக்கானிக் ஷாப் நடத்தறேன்னு முதல் கம்ப்ளெயிண்ட் அவர் தான் குடுத்தார்.

இன்ஜின் வெளிய இருந்த அந்த மூணு வாரத்துல ஐப்பசி மழை புடிச்சுக்கிச்சு. ஒரு ராத்திரி ஸ்டில்ட்ல கணுக்கால் தண்ணி. போன வருஷங்கள்ல மழை அலர்ட் வந்தா வேளச்சேரி மேம்பாலத்துல ஜனங்க காரை வரிசையா கொண்டு போயி நிறுத்தினாங்களே, அந்த நெனப்பு எல்லாருக்கும் வந்துடுச்சு, ஆளாளுக்கு சாவிய எடுத்துக்கிட்டு ஓடறாங்க. எங்க கார் மட்டும் இன்ஜின் இல்லாம, ஆனா முட்டி உசரத்துல, ஈரமே படாம நிக்குது. இன்ஜினை நானும் மச்சானும் முதல் மாடி லேண்டிங் வரைக்கும் ஏத்த முடியாம டிராலியோட ஜாக்கிய மேல தூக்கி வெச்சோம். மாமா குடையோட கீழ வந்து கொஞ்ச நேரம் நின்னு பாத்தார், காரை பாத்தார், கட்டைய பாத்தார், தண்ணிய பாத்தார்.

"தம்பி, இது என் ஐ10ஐ தூக்குமா?"

தூக்கும் மாமா, இன்ஜின் கழட்டாம இருந்தா தாராளமா தூக்கும்னேன். அலர்ட் வந்தா எனக்கு முதல் நம்பர்னு சொல்லிட்டு மேல போயிட்டார், அதுக்கப்புறம் பால்கனில இருந்து எந்த கம்ப்ளெயிண்ட்டும் வரல.